மோன் பிளாங்க்கைச் சுற்றி, குடில் குடிலாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ப்ஸ் மலையில் பத்து நாள் நடந்துவிட்டு வந்து படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். அன்றிலிருந்து சித்தப்பா மகன் தொடங்கி அலுவலக நண்பர்கள் வரை ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது மலை உச்சிக்கு ஏறுவதா?

இல்லை. மோன் பிளாங்க் 4,800 மீட்டருக்குச் சற்று மேல். பனி, கயிறு, இரும்பு முள் செருப்பு எல்லாம் வேண்டிய வேறு வேலை அது. நாம் போவது கிரிவலம். உச்சியைத் தொடாமல் மலைத்தொகுதியைச் சுற்றி, பிரான்ஸில் கிளம்பி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாக மறுபடியும் பிரான்ஸுக்கு வருவது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர், இங்கே ஏறத்தாழ 170. இன்னொரு வேறுபாடு, இங்கே பெரும்பாலானோர் நடப்பது அப்பிரதட்சிணமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்.

புதுப் பழக்கமும் அல்ல. ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் சொஸ்யூர் 1767இலேயே இந்த மலையைச் சுற்றி வந்தார். உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அதற்கு முன்பே, 1760இல், அறிவித்தவரும் அவர்தான். அந்த உச்சியை 1786 ஆகஸ்ட் 8 அன்று முதன்முதலாக எட்டியவர்கள் படிகக்கல் தேடி அலைந்த பல்மாவும் ஊர் மருத்துவர் பக்கார்டும்.

'குடில்' என்றால் என்ன? ஓலைக் குடிசையா?

கல்லும் மரமுமாகக் கட்டிய, நாற்பது முதல் நூறு பேர் வரை தங்கும் மலை விடுதி. பிரெஞ்சில் ரெஃப்யூஜ், இத்தாலியனில் ரிஃபூஜியோ. பெரும்பாலும் டார்மிட்டரிதான். வரிசையாக மெத்தை, தலையணை, கம்பளி. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே விலை. அதனால் கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எதையும் சுமக்க வேண்டியதில்லை. முதுகில் ஏழெட்டு கிலோவோடு பத்து நாள் மலையில் இருக்க முடிவது இதனால்தான்.

சில குடில்களுக்குத் தனிக் குணம் உண்டு. சேஞ் கணவாய்க்குக் கீழே உள்ள மோத்தே ஒரு பழைய பால்பண்ணை. மாடு கட்டிய தொழுவத்தில் இப்போது மனிதர்கள் வரிசையாகப் படுக்கிறார்கள். இத்தாலியப் பக்கத்து பொனாத்தி 2,025 மீட்டரில் இருக்கிறது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் கிராண்ட் ஜோராஸ் சிகரச் சுவர் நேர் எதிரே. நான் தங்கியவற்றில் இரண்டாம் முறை போக ஆசைப்படுவது அங்கேதான்.

எத்தனை நாள் வேண்டும்?

நடப்பதற்குப் பத்து அல்லது பதினொன்று. ஏழு நாளில் முடித்தவர்களும் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் யூ.டி.எம்.பி. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவர் இதே சுற்றைச் சுமார் இருபது மணி நேரத்தில் ஓடி முடிக்கிறார். அது அவர்கள் பாடு. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். பத்து நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 1,000 மீட்டர் ஏறி, கிட்டத்தட்ட அதே அளவு இறங்க வேண்டும். ஏழு நாளில் முடிப்பவர் கடைசி இரண்டு நாள் தன் செருப்பைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

நாள் கணக்கில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். கூர்மாயர் ஊரில் விடுவது நல்லது. ஏறத்தாழ நடுவழி, துணி துவைக்கலாம், மருந்துக்கடை இருக்கிறது, ஐஸ்கிரீமும் இருக்கிறது.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? வரைபடமா, பயிற்சியா?

படுக்கை. முதலில் படுக்கை, இரண்டாவதும் படுக்கை. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பாதையில் கால் தோற்றுத் திரும்பியவர்களைவிட இடம் கிடைக்காமல் போகாதவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அடுத்த கோடைக்கான முன்பதிவு பல குடில்களில் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் திறந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் தேதிகள் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே நிரம்பும். தீபாவளிப் பட்சணம் தீர்வதற்குள் அடுத்த கோடைக்கு உட்கார்ந்து பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் குடிலும் ஒரே அளவுக்கு நெருக்கடி இல்லை. லே ஊஷ், லே கோன்தமின், கூர்மாயர், ஷாம்பே, ஷமோனி எல்லாம் ஊர்கள். ஒன்று இல்லாவிட்டால் இன்னொரு விடுதி கிடைக்கும். மாட்டிக்கொள்வது மலைமேல் தனியாக நிற்கும் இடங்களில்தான்: க்ருவா டு பொனோம், மோத்தே, எலிசபெத்தா, பொனாத்தி, லாக் பிளாங். இவற்றில் உங்களுக்கு எந்தத் தேதி கிடைக்கிறதோ அதை முதலில் பிடியுங்கள். பிறகு முன்னும் பின்னும் ஊர்களை நிரப்புங்கள். கல்யாணத்துக்கு மண்டபத் தேதி கிடைத்த பிறகு முகூர்த்தம் பார்க்கிற கதைதான்.

எங்களுக்கு எலிசபெத்தாவில் இடமே கிடைக்கவில்லை. முந்தின இரவு மோத்தேயில் தங்கி, மறுநாள் 2,516 மீட்டர் சேஞ் கணவாயைத் தாண்டி, எலிசபெத்தா வாசலில் காபி மட்டும் குடித்துவிட்டு, கூர்மாயர் வரை ஒரே மூச்சில் போனோம். கடைசி இறக்கத்தை விட்டுவிட்டு வேனி பள்ளத்தாக்கில் பேருந்து ஏறிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாலு பேருக்கு மேல் குழுவாகப் போனால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். இரண்டு பேருக்கு எங்கேயாவது இடம் அகப்படும், எட்டுப் பேருக்கு அகப்படாது.

குடில்கள் பலவற்றைச் சேர்த்துக் காட்டும் பொது முன்பதிவுத் தளம் உண்டு. அதில் இல்லாதவற்றுக்கு மின்னஞ்சல்தான். இரண்டு வரியில் எழுதுங்கள்: தேதி, எத்தனை பேர், சைவமா. முன்பணம் கேட்பார்கள். ரத்து செய்தால் எந்தத் தேதிவரை திருப்பித் தருவார்கள் என்பதைப் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

விசா எந்த நாட்டில் கேட்பது? மூன்று நாடு வருகிறதே?

மூன்றுமே ஷெங்கன் பகுதி என்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் இரவுகளை எண்ணினால் பிரான்ஸ்தான் முந்தும். ஜெனீவாவில் இறங்குவதால் சுவிஸ் விசா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. குடிலோ எட்டு மாதம் முன்பே நிரம்பத் தொடங்குகிறது. ஆக, விசா கையில் வருமுன் முன்பணம் கட்டியே ஆக வேண்டும். ரத்து விதியைப் படிக்கச் சொன்னது இதற்காக. நல்ல பக்கம் ஒன்று, விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்பார்கள். பத்து இரவுக்குப் பத்துக் குடிலின் உறுதிக் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் அட்டவணை வைத்தால் வேலை எளிது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு என்பது விசா விதி. அதில் மலை நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று நீங்கள்தான் தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் செல்லாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்.

எந்த மாதம் நல்லது?

குடில்கள் திறந்திருப்பது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஜூனில் உயரமான கணவாய்களில் பழைய பனி கிடக்கும். சரிவில் உறைந்த பனியைக் குறுக்கே கடப்பது நம் ஊர்க் கால்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஜூலையில் பூ, ஆகஸ்ட்டில் கூட்டம். பிற்பகல் இடிமழை இரண்டு மாதத்திலும் உண்டு. என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பத்து நாள். ஆகஸ்ட் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். அந்தப் பந்தயத்துக்காக ஷமோனி திருவிழாக்கூட்டமாகிவிடும், அறை விலையும் அதற்கேற்ப ஏறும்.

செலவு?

டார்மிட்டரிப் படுக்கை, இரவு உணவு, காலை உணவு மூன்றும் சேர்ந்து ஓர் ஆளுக்குச் சுமார் 60 முதல் 90 யூரோ. சுவிஸ் பக்கம் கூடுதல். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டால் பத்து இரவுக்கு 60,000 முதல் 90,000 ரூபாய். மதியத்துக்கு ரொட்டி, சீஸ், பழம், வழியில் ஒரு காபி என்று தினமும் 15 யூரோ. இதற்கு மேல் விமானம், விசா, காப்பீடு. எல்லாக் குடிலிலும் கார்டு வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். கையில் யூரோவும் கொஞ்சம் சுவிஸ் ஃபிராங்கும் இருக்கட்டும்.

ஆல்பைன் கிளப்பில் சேர்ந்தால் தள்ளுபடி உண்டா என்று ஒருவர் கேட்டார். அது கிளப் நடத்தும் குடில்களில் மட்டும். இந்தச் சுற்றில் பல குடில்கள் தனியாருடையவை. இதற்காகவே சேர்வது வீண்.

நான் சைவம். பட்டினி கிடப்பேனா?

மாட்டீர்கள், ஆனால் சலித்துப்போவீர்கள். முன்பதிவிலேயே சைவம் என்று எழுதி, மாலை போய்ச் சேர்ந்ததும் வாய்விட்டு இன்னொரு முறை சொல்லுங்கள். சூப், பிறகு போலெந்தா அல்லது பாஸ்தா அல்லது முட்டை ஆம்லெட், பிறகு சீஸ், பிறகு இனிப்பு. போலெந்தா என்பது மக்காச்சோள ரவைக் களி. முதல் நாள் நம் ஊர்க் களி நினைவு வந்து சந்தோஷமாக இருந்தது. நாலாம் நாள் அப்படி இல்லை. முட்டையும் தொடாதவர்கள் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், அதையும் கேளுங்கள். மரபான சீஸ்கள் பலவும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைய வைத்தவை. அது உறுத்துபவர்கள் சீஸையும் விட வேண்டியிருக்கும்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் சின்னப் பாக்கெட்டுகளாக எடுத்துப் போங்கள். களிக்கு எலுமிச்சை ஊறுகாய் நன்றாகவே சேர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டச்சுக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். பால்கோவா, நெய் மைசூர்பாகு, பன்னீர் வேண்டாம். பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருளை வெளியிலிருந்து பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

தினமும் ஜிம் போகிறேன். போதுமா?

ஜிம் இறங்கக் கற்றுத்தராது. இந்தப் பாதையில் மூச்சைவிட முழங்கால்தான் முதலில் புகார் சொல்லும். வெள்ளியங்கிரி ஏழாவது மலை ஏறி இறங்கியவருக்கு இங்கே எந்த ஒரு நாளும் அதைவிடப் பயமுறுத்தாது. வித்தியாசம் மறுநாள் காலை. வெள்ளியங்கிரிக்கு மறுநாள் நாம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்போம். இங்கே அதே காலோடு ஏழரை மணிக்கு அடுத்த கணவாய்.

ஆகவே பயிற்சியை அடுத்தடுத்த நாளாக வையுங்கள். சனி ஒரு மலை, ஞாயிறு இன்னொரு மலை, முதுகில் அதே ஏழு கிலோ. பக்தர்களுக்கு வெள்ளியங்கிரி திறந்திருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலம் இதற்கு வசதி. திருப்பதி அலிபிரி வழியில் 3,550 படி. ஏறியதோடு நிறுத்தாமல் நடந்தே இறங்குங்கள். வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டியிலேயே மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறுவோமே, அதன் மடக்கு வடிவம்தான் ட்ரெக்கிங் கம்பு. இங்கே இரண்டு கையிலும் ஒவ்வொன்று வேண்டும். இறக்கத்தில் முழங்கால் சுமையில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்ளும்.

உயர நோய் வருமா?

பாதையின் மிக உயர்ந்த இடங்களே 2,665 மீட்டர்தான், அவையும் விருப்ப வழிகள். இரவு தூங்குவது அதைவிடத் தாழ்வாக. லடாக் போனபோது தலை வெடித்தது என்பவர்களுக்கும் இங்கே பொதுவாகச் சிக்கல் இருக்காது. தண்ணீர் குடியுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? குடிலில் என்ன ஒழுங்கு?

ஆறரைக்குக் காலை உணவு. ஏழரைக்குள் கிளம்பிவிட வேண்டும். இடி பிற்பகலில் வரும், அதற்குள் கணவாயைத் தாண்டிவிடுவதே கணக்கு. மணிக்கு 300 முதல் 400 மீட்டர் ஏற்றம் என்று வைத்து நேரம் போடுங்கள். சுவிஸ் பக்கத்து மஞ்சள் கைகாட்டிகளில் தூரம் இருக்காது, மணிக்கணக்கு இருக்கும். அதில் ஓய்வு சேரவில்லை. படம் எடுக்கும் நேரம் சேரவே சேரவில்லை.

மூன்று, நாலு மணிக்குள் குடில் சேர வேண்டும். வாசலிலேயே ஷூவைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட வேண்டும், உள்ளே போட ரப்பர் செருப்பு அவர்களே வைத்திருப்பார்கள். செருப்பை வெளியே விடுவதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிக்கச் சில இடங்களில் டோக்கன் வாங்க வேண்டும், சில நிமிடம் வெந்நீர் வந்து நின்றுவிடும். சோப்பைத் தேய்த்துவிட்டு டோக்கனைப் போடுங்கள்.

ஆறரை, ஏழு மணிக்குச் சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே நேரம், நீள மேசை, பாத்திரம் கைமாறிக் கைமாறி வரும். பந்தி மாதிரிதான். தாமதமாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டுமானால் அன்றிரவே சொல்ல வேண்டும். பத்து மணிக்கு விளக்கு அணையும். மெல்லிய துணி உறைப்பை ஒன்றை, வேட்டியைச் சாக்கு மாதிரித் தைத்தது போலிருக்கும், நீங்களே கொண்டுபோய் அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும். அது கட்டாயம். காதடைப்பானும் கட்டாயம் என்று நான் சொல்வேன். முப்பது பேர் தூங்கும் அறையில் மூன்று பேராவது குறட்டை விடுவார்கள். எங்கள் குழுவில் அந்த மூவரில் ஒருவர் நான்.

கழிவறையில் தண்ணீர் இருக்குமா?

காகிதம். சின்னக் காலி பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். மேற்கொண்டு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என்னென்ன எடுத்துப் போவது?

இரண்டு ஜோடி உடுப்பு, மூன்று ஜோடி கம்பளிக் காலுறை, குளிருக்கு ஒரு சட்டை, நல்ல ரெயின்கோட், தொப்பி, கையுறை, தலைவிளக்கு, பவர் பேங்க். பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் ஏறும். ஷூவை மூன்று மாதமாவது போட்டுப் பழக்கிய பிறகு கொண்டுபோங்கள். ஒல்லியான இரண்டு முள் ப்ளக் மூன்று நாட்டிலும் நுழையும். பருத்த உருண்டை ப்ளக் சுவிஸ் துளையில் நுழையாது. இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றிய சிம் திட்டங்கள் பலவற்றில் சுவிட்சர்லாந்து சேராது. எல்லை தாண்டுவது மலைமேல் ஒரு கல்லருகே என்பதால் தெரியாமலே ரோமிங் ஓடும். அந்தக் கல்லருகே யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனாலும் மூலப் பாஸ்போர்ட் பையில் இருக்க வேண்டும்.

பையை வண்டியில் அடுத்த இடத்துக்கு அனுப்பும் சேவை உண்டு. சாலை போகாத குடில்களுக்கு அது வராது.

ஆபத்தான இடம் உண்டா?

த்ரே-லெ-ஷானிலிருந்து லா ஃப்ளேஜேர் போகும் வழியில் செங்குத்துப் பாறையில் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. உயரப் பயம் உள்ளவர்கள் மோந்தே கணவாய் வழியாகச் சுற்றிப் போய்விடலாம். மழை பெய்தால் எல்லோருமே அப்படிப் போவதுதான் சரி. ஷாம்பேக்குப் பிறகு வரும் 'ஆர்பேத் ஜன்னல்' என்னும் கணவாயும் விருப்ப வழிதான். வானம் தெளிவாக இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் பொவின் மேய்ச்சல் வழி, அங்கே மாடும் பழக்கேக்கும் உண்டு.

ஆட்டு மந்தையைக் காக்கும் வெள்ளை நாய்கள் பெரியவை. குரைத்தால் ஓடாதீர்கள், கையை ஓங்காதீர்கள், மந்தையை விட்டு அகலமாகச் சுற்றிப் போங்கள்.

அவசரத்துக்கு 112. சுவிஸில் மருத்துவ உதவிக்கு 144. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. ஹெலிகாப்டர் வந்தால் இரு கையையும் மேலே விரித்து நின்றால் 'உதவி வேண்டும்' என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம் என்று பொருள். தெரியாமல் கையசைத்து டாட்டா காட்டாதீர்கள்.

இப்போது மே மாதம். இந்தக் கோடையில் போகவே முடியாதா?

முழுச் சுற்று கஷ்டம், பாதிச் சுற்று முடியும். பள்ளத்தாக்கு ஊர்களில் தங்கிப் பேருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள். கூர்மாயரில் இரண்டு இரவு, ஃபெரே பள்ளத்தாக்குப் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய், 2,537 மீட்டர் பெரிய ஃபெரே கணவாயைத் தாண்டி லா ஃபூலியில் இறங்கினால் சுற்றின் சிறந்த பகுதிகளில் ஒன்று உங்கள் காலில். அங்கிருந்து ஷாம்பே, த்ரியான், பால்ம் கணவாய் வழியாக ஷமோனி பள்ளத்தாக்கு. ஐந்து நாள் ஆகும், தனித்து நிற்கும் குடில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஜெனீவாவிலிருந்து ஷமோனிக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போல. அங்கிருந்து கூர்மாயருக்கு மலைக்கு அடியில் 11.6 கிலோமீட்டர் சுரங்கப் பாதை வழியாகப் பேருந்து போகிறது, இருக்கையை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் திரும்பி வரவும் அதே பேருந்துதான்.